கப்பல் காருக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

நல்லதம்பியின் வலது கையை முழுசாகப் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் அவன் மனைவி செங்கமலம். தினமும் காலையில் அவனுக்கு முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகுதான் அவன் வாசலைத் தாண்டுவான். வெயில் கொளுத்தும் சித்திரையில்கூட அந்தப் பொத்தான் அவிழ்ந்து யாரும் கண்டதில்லை. டிரைவர் என்றால் இப்படியல்லவா மிடுக்காக இருக்க வேண்டும் என்று புதுக்கோட்டையில் பலர் சொன்னதுண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் செங்கமலத்துக்கு நெஞ்சு எரியும்.

அந்தக் கை அப்படிப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அன்னவாசல் பஸ்ஸை ஓட்டிய கை அது. ஒரு மார்கழி விடியலில், குளிரில் விறைத்துக் கிடந்த இன்ஜினைக் கிளப்ப அவன் முன்னால் குனிந்து ஹாண்டில் போட்டான். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தது. இரும்பு ஹாண்டில் சுழன்று வந்து முழங்கைக்குக் கீழே அடித்த சத்தம், பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் எழுப்பியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிற்று. ஆனால் கோணலாகக் கூடிற்று. விரல்கள் மூடும், திறக்கும். ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கினால் நடுங்கும். அந்தக் கையால் பஸ் ஸ்டியரிங்கை வளைப்பது எப்படி?

பஸ் கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. லாரி ஷெட்டுகளில் கேட்டான். வண்டியை ஒருதரம் திருப்பிக் காட்டு என்பார்கள். திருப்பத் தெரியாதவனல்ல அவன், முடியாதவன். முகம் தெரிந்தவர்கள் இரக்கப்பட்டார்கள், தெரியாதவர்கள் சிரித்தார்கள். மீமிசலில் இருந்த செங்கமலத்தின் அண்ணன் வீரய்யா, மீன் ஏலம் நடக்கும் இடத்தில் காவலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். நல்லதம்பி போக மறுத்தான். ஸ்டியரிங் பிடித்தவன் மீன் கூடைக்குக் காவல் இருப்பதா என்று கேட்டான். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கோபத்தில் அல்ல, வீட்டில் ஒன்றும் இல்லை.

செங்கமலம் ஆத்மநாதனின் ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கப் போனாள். அங்கேதான் அந்தக் காரைப் பார்த்தாள்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து ஆத்மநாதன் அதை வாங்கியிருந்தார். அமெரிக்கக் கார். நீளமும் அகலமுமாக மில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால், பார்த்த நாளே ஊர் அதற்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்துவிட்டது. அதில் பவர் ஸ்டியரிங் என்று ஒரு வசதி இருந்தது. இன்ஜினோடு சேர்ந்து ஒரு பம்பு ஓடும். அந்தப் பம்பு தள்ளுகிற ஆயில், சக்கரத்தைத் திருப்ப டிரைவருக்கு ஒத்தாசை செய்யும். ஒரு விரலால் திருப்பலாம் என்று மில்லில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு விரல் என்ற சொல் செங்கமலத்தின் காதில் கோயில் மணிபோல விழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே முதலாளியிடம் போய் நின்றாள். தன் புருஷன் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டியவர் என்றாள். அது உண்மை. பாதி உண்மை.

மறுநாள் நல்லதம்பி அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். ஹாண்டில் வேண்டியதில்லை, இன்ஜின் தானே கிளம்பியது. இடது கையை ஸ்டியரிங்கில் வைத்து மெல்லத் தள்ளினான். எண்ணெய் போட்ட கதவுபோல அது சத்தமில்லாமல் சுழன்றது. இடது கை கியருக்குப் போகும் நேரத்தில் வலது கை சும்மா மேலே கிடந்தால் போதும், கார் சொன்ன பேச்சைக் கேட்டது. மில்லைச் சுற்றி வந்து நிறுத்தியபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன. தூசி விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னான். களத்து ஓரத்தில் நின்ற செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெல்லைத் துழாவினாள். அவள் கண்ணிலும் தூசி.

புதுக்கோட்டையில் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நல்லதம்பி ஓட்டக்கூடிய கார் அது ஒன்றுதான். இந்த உண்மையைப் புருஷனும் மனைவியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. பேசினால் அதற்குக் கண் பட்டுவிடும் என்று பயந்தார்கள்.

கண் பட்டது.

இரண்டு வருஷம் போல நல்லபடியாக ஓடிய பிறகு, ஒருநாள் ஷெட்டில் காருக்கு அடியில் ஈரமாக ஒரு வட்டம் தெரிந்தது. நல்லதம்பி விரலால் தொட்டு முகர்ந்தான். ஸ்டியரிங் ஆயில். மெக்கானிக் குழந்தைசாமியைக் கூட்டி வந்தார்கள். வாய்த்துடுக்கானவர், ஆனால் வேலை தெரிந்தவர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பம்புத் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து சுருங்கிவிட்டது, அந்த இடைவெளியில்தான் ஒழுகுகிறது என்றார். புது சீல் உள்ளூரில் கிடைக்காது. சென்னையில் ஒரு கடையில் ஒழுகலை அடைக்கும் மருந்து டின்னில் விற்பதாகக் கேள்விப்பட்டு ஆத்மநாதன் அதை வரவழைத்தார். ஆயிலோடு கலந்து ஊற்றினார்கள். ஒழுகல் நின்றது. அது எப்படி நிற்கிறது என்று நல்லதம்பி கேட்டதற்கு, அந்த மருந்தில் ஊறி ரப்பர் உப்பிக்கொள்ளும், உப்பினால் இடைவெளி அடைபடும் என்று குழந்தைசாமி விளக்கினார். உப்பிய ரப்பர் பிறகு நைந்து போகும் என்றும் சொன்னார். நல்லதம்பியின் மனம் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டது. மூழ்குகிறவனுக்கு முழுப் பேச்சும் எங்கே கேட்கும்?

அவர் சொன்னதுபோலவே நடந்தது. மாதங்கள் போனதும் மறுபடி ஒழுகியது. அந்த மருந்து இனி வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஊற்ற ஊற்ற ஆயில் தரையில் போனது. நல்லதம்பி விடிவதற்கு முன்பே ஷெட்டுக்குப் போய் ஈரத்தைச் சாக்கால் துடைத்து மேலே மணலைத் தூவிவிட்டு வருவான். ஆனாலும் ஒருநாள் முதலாளியின் வெள்ளைச் செருப்பில் ஆயில் ஒட்டிக்கொண்டது. குழந்தைசாமி மறுபடி வந்தார்.

“மொதலாளி, சீலு சீமையிலேருந்துதான் வரணும். வெளிநாட்டுச் சாமானை இப்ப சர்க்கார் வர விட மாட்டேங்குது. பேசாம பம்பு பெல்ட்டைக் கழட்டிப் போட்டுருவோம். ஸ்டியரிங் கொஞ்சம் கனமா இருக்கும், அம்புட்டுதான். ரெண்டு கை உள்ளவனுக்கு அது ஒரு காரியமாங்க?”

நல்லதம்பிக்குத் தரை நழுவியது. ஆத்மநாதன் யோசித்துவிட்டு, மகள் அமராவதியின் கல்யாணம் வருகிறது, அதற்கு முன்னால் கழற்றிவிடுவது நல்லது, ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஆயில் பட்டால் என்ன ஆவது என்றார். நல்லதம்பி தனக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டான். தானே ஒரு வழி பார்ப்பதாகச் சொன்னான். என்ன வழி என்று அவனுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் அவன் செங்கமலத்தின் முன்னால் உட்கார்ந்து சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள். ரப்பர் காய்வதையும் உப்புவதையும் பற்றி இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள். அவள் அன்னவாசலுக்குத் தெற்கே கிணற்றுப் பாசன வீட்டில் பிறந்தவள். கமலை இறைக்கும் மாடுகளின் பின்னால் ஓடி வளர்ந்தவள்.

“கமலைச் சால்ல தோலு காஞ்சு தண்ணி ஒழுகுனா எங்க அய்யா என்ன செய்வாரு? விளக்கெண்ணெயில ஊறப் போடுவாரு. தோலு உப்பி ஒழுகல் அடைஞ்சுக்கிரும். ரப்பரு மட்டும் என்னங்க, அதுவும் ஒரு தோலுதானே?”

நல்லதம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மருந்து டின்னும் எண்ணெய்போலத்தான் கொழகொழவென்று இருந்தது. ஊறினால் உப்பும், உப்பினால் அடைபடும். குழந்தைசாமியே சொன்ன கணக்கு.

செங்கமலம் ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டுத் தன் கையாலேயே எண்ணெய் எடுத்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மேலே மிதந்த எண்ணெயை வழித்து, துணி போட்டு வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்பும் தாயைப்போல நின்றாள்.

நல்லதம்பி அதைப் பம்புக்குள் ஊற்றினான். எண்ணெய் வேலை செய்தது. ஷெட்டுத் தரை காய்ந்து கிடந்தது. ஆத்மநாதன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன் கைராசியே ராசிடா என்று அவன் தோளில் தட்டினார். பெல்ட்டைக் கழற்றும் பேச்சு நின்றது. நல்லதம்பி வீட்டுக்கு ஓடிவந்து அந்த வார்த்தைகளைச் சொன்னபோது, செங்கமலம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனுடைய கோணிய கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த எண்ணெய் சீலை உப்ப வைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அது கெட்டியான எண்ணெய். கெட்டியாக இருந்ததால் இடுக்கில் ஒழுகாமல் நின்றது, அவ்வளவுதான். காரின் ஆயிலோடு அது சேரவும் இல்லை. சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே பிசுபிசுத்து, பம்பின் நுண்ணிய வழிகளில் படிந்துகொண்டே வந்தது. காலை வேளைகளில் ஸ்டியரிங் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. பிறகு பம்பு உறுமத் தொடங்கியது. பெல்ட்டுச் சத்தம் என்று நல்லதம்பி முதலாளியிடம் சொன்னான். அதையே தனக்கும் சொல்லிக்கொண்டான். சத்தம் கூடிய நாளில் இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் ஊற்றினான்.

கல்யாண நாள் நெருங்கியது. மாப்பிள்ளை அழைப்பு சாந்தநாதர் கோயிலில் தொடங்கி, ராஜ வீதிகள் வழியாகப் பெண் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கப்பலுக்குச் சாமந்தி மாலைகள் கட்டினார்கள். சூரியன் விழுகிற நேரம். முன்னால் தவிலும் நாகசுரமும், இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட் சுமந்த பெண்கள், நடுவில் கப்பல். மாப்பிள்ளை பின் சீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஆத்மநாதன் காருக்கு முன்னால் நடந்தபடி தெரிந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு போனார். செங்கமலம் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் வந்தாள்.

ஓடுகிற காரை வளைப்பது லேசு. ஊர்கிற காரை வளைப்பதுதான் கஷ்டம், டயர் முழுதும் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஊர்வலத்தில் கார் நாலடி நகரும், நிற்கும். நாகசுரக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால் அது முடியும்வரை நிற்கும். இன்ஜின் சூடேறிக்கொண்டே இருந்தது. பம்பின் உறுமல் தவில் சத்தத்தையும் மீறி நல்லதம்பிக்குக் கேட்டது. புதுக்கோட்டை வீதிகளோ பலகையில் கோடு போட்டதுபோல நேரானவை, முக்குகள் ஒவ்வொன்றும் செங்குத்தாக மடங்குபவை.

முதல் முக்கில் இடது கையால் இழுத்து, நெஞ்சால் தள்ளி எப்படியோ திருப்பிவிட்டான். தோள்பட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது.

கீழ ராஜ வீதி முக்கில் ஸ்டியரிங் திரும்பவில்லை.

பாதி வளைவில் அப்படியே இறுகிப்போனது. கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் நீண்ட மூக்குக்கு நேரே, வெளிச்சத்தைத் தலையில் சுமந்தபடி ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். நல்லதம்பி வலது கையையும் போட்டுப் பிடித்தான். அந்தக் கை வழுக்கி மடியில் விழுந்தது. பிரேக்கை மிதித்தான். காரின் பம்பர் அவள் சேலை மடிப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தது அவனுக்கு மட்டும்தான்.

கூட்டத்தில் யாரோ, என்ன டிரைவரே கப்பல் தரை தட்டிப்போச்சா என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. ஆத்மநாதன் திரும்பி வந்து ஜன்னல் அருகே குனிந்தார். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“திருப்புடா. ஊரே பாக்குது.”

இன்னொரு தரம் முயன்று பார்க்கலாம். பின்னால் எடுத்து, கொஞ்சம் வேகமாக முன்னால் விட்டால் ஒருவேளை திரும்பலாம். திரும்பாவிட்டால்? முன்னால் காஸ் லைட்டுகள், அதற்கு முன்னால் தட்டு ஏந்திய பெண்கள், அவர்கள் கால்களைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள். இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று அவன் நெஞ்சில் அறுந்தது. ஓரத்தில் நின்ற செங்கமலத்தை ஒருதரம் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள். எது வேண்டாம் என்கிறாள்? சொல்ல வேண்டாம் என்கிறாளா, ஓட்ட வேண்டாம் என்கிறாளா? அவன் இன்ஜினை அணைத்தான்.

“மொதலாளி, கோளாறு வண்டியில மட்டும் இல்லைங்க. என் வலது கைக்குப் பலமே கெடையாது. பஸ்ஸு ஹாண்டில் அடிச்சு ஒடைஞ்ச கை. இத்தனை நாளும் இந்த வண்டிதான் எனக்குக் கையா இருந்துச்சுங்க.”

ஆத்மநாதனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. சாவிக்குக் கையை நீட்டினார். நல்லதம்பி கீழே இறங்கினான். நல்ல காரியம் நடக்கிற இடத்தில், மாலை போட்ட வண்டியின் சாவியை முதலாளிக்கு இடது கையால் கொடுக்கலாமா? வலது உள்ளங்கையில் சாவியை வைத்தான். அது நடுங்கியது. இடது கையால் அதைக் கீழே தாங்கிப் பிடித்து, சாமிக்குத் தட்டு நீட்டுவதுபோல நீட்டினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருந்தாளியாக வந்திருந்த குழந்தைசாமி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முக்கி முனகி வண்டியைத் திருப்பினார். நாகசுரம் மறுபடி எழுந்தது. ஊர்வலம் போய்விட்டது. வீதி முக்கில் உதிர்ந்த சாமந்திக்கு நடுவில் புருஷனும் மனைவியும் நின்றார்கள்.

கல்யாணம் முடிந்து நல்லதம்பி மில்லுக்குப் போனான். ஆத்மநாதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையைக் காட்டச் சொன்னார். பொத்தானை அவரே கழற்றிப் பார்த்தார். ஏன் மறைத்தாய் என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷர்களுக்கு அந்த நேரத்தில் அது சுலபம்.

“குடுத்திருக்க மாட்டேன்,” என்றார். “எம் பொண்ணு ஏறுற வண்டி. அன்னைக்கு நீ நிறுத்துனே, நல்லதாப் போச்சு. நீ நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கம் வரலை. போயிட்டு வா.”

அதில் குற்றம் சொல்ல நல்லதம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குற்றம் கிடைத்திருந்தால் கோபப்பட்டாவது அழுதிருக்கலாம். கும்பிட்டுவிட்டு நடந்தான். பட்டறையைத் தாண்டும்போது குழந்தைசாமி அவனைக் கூப்பிட்டார். பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். உள்ளே பலாப்பிசின்போலப் பழுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது.

“விளக்கெண்ணெயா ஊத்துனே? வண்டிக்கு என்ன, வயிறு கட்டிக்கிச்சாய்யா? அந்த எண்ணெய் இதோட சேராதுய்யா. சும்மா ஒழுக விட்டிருந்தாக்கூட, அன்னைக்கு மட்டும் நிறைய ஆயிலை ஊத்திக்கிட்டு ஊர்வலத்தை முடிச்சிருக்கலாம்.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லதம்பி அந்தப் பழுப்புப் பிசினைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுப்பின் முன்னால் புகையில் கண் கலங்க உட்கார்ந்திருந்த செங்கமலம்தான் அதில் தெரிந்தாள்.

எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வேலை போனதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

“ஏங்க, நான் காச்சிக் குடுத்த எண்ணெயாலயா?”

“இல்லே புள்ள. பம்பு பழசு. எதை ஊத்தியிருந்தாலும் நின்னிருக்காதுன்னு குழந்தைசாமியே சொல்லிட்டாரு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். வயிறு கட்டிக்கொண்ட கப்பலைப் பற்றிய கேலி அன்று மத்தியானமே நெல் களத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கூட வேலை செய்தவர்கள் அவள் காது படவே சொல்லிச் சிரித்திருந்தார்கள். அவள் நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தவள்.

“அப்ப சரிங்க,” என்றாள். சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீமிசலுக்குப் போய் அண்ணனைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். இந்தத் தடவை அவன் மறுக்கவில்லை. மீன் கூடைக்குக் காவல் இருக்க ஒரு கை போதும் என்று அவனே சொன்னான். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், அவன் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று.

காலையில் துணி மூட்டையோடு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மீமிசல் பஸ்ஸின் டிரைவர் பழைய பழக்கக்காரர். நல்லதம்பியைக் கண்டதும், முன்னால வந்து பக்கத்துல உக்காருங்கண்ணே, பேசிக்கிட்டே போகலாம் என்று இடம் காட்டினார். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நல்லதம்பி தலையசைத்துவிட்டு, செங்கமலத்தின் தோளைப் பிடித்தபடி கடைசி வரிசைக்கு நடந்தான். அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் தலைகள்தான் தெரியும். ஸ்டியரிங் தெரியாது.